கரையான் அரித்த கோபுரங்கள்... அமெரிக்காவில் ஓட்டுரிமை வாங்கித் தந்த தேவாலயத்தின் கதை!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் செல்மா. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18,000-க்கும் கொஞ்சம் குறைவு. நம்மூர் கணக்கில் ஒரு பேரூராட்சி. அங்கே சிவப்புச் செங்கல்லும் வெள்ளை விளிம்புகளுமாக, இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது 'பிரவுன் சேப்பல்' என்ற மெதடிஸ்ட் தேவாலயம். ஆபத்தில் இருக்கும் 11 வரலாற்று இடங்கள் என்று 2022-ல் வெளியான பட்டியலில் இதுவும் ஒன்று. காரணம், கரையானும் ஈரமும்!

ஒரு சிற்றூர் தேவாலயத்துக்காக அமெரிக்கா ஏன் கவலைப்படுகிறது? கதை கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறது.

மண்டியிட்டவர்களை எழுப்பினார்கள்

ஜான் வெஸ்லி என்ற ஆங்கிலேயப் போதகர் தொடங்கிய இயக்கம்தான் மெதடிஸ்ட் சபை. (சென்னை ராயப்பேட்டையில் இருக்கும் வெஸ்லி பள்ளி அவர் பெயரில் அமைந்ததுதான்.) 18-ம் நூற்றாண்டின் இறுதியில், பிலடெல்பியா நகரின் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில், முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை, 'இது உங்களுக்கான இடமல்ல' என்று பாதி ஜெபத்திலேயே எழுப்பினார்கள். எழுந்தவர்கள் அப்படியே வெளியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆலன். அடிமையாகப் பிறந்து, காசு கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். அவர் தலைமையில் 1816-ல் உருவானதுதான் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை. சுருக்கமாக, ஏ.எம்.இ.

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த மறுவருடமே, 1866-ல், இந்தச் சபை செல்மாவுக்கு வந்தது. இன்றிருக்கும் கட்டடம் 1908-ல் எழுந்தது. கட்டியவரும் கறுப்பினத்தவரே. இடம், கட்டடம், சாவி என எல்லாமே சபைக்குச் சொந்தம். வெள்ளைக்காரர்கள் யாரிடமும் வாடகைக்கு நிற்க வேண்டியதில்லை. அதன் அருமை அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

மூன்று பேர் கூடினால் குற்றம்

1960-களின் தொடக்கத்தில், செல்மா அடங்கிய டல்லாஸ் கவுன்டியில் ஓட்டுப் போடும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்ததோ சில நூறு பேருக்குத்தான். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள்தான் திறக்கும். மணிக்கணக்கில் வரிசையில் நின்று உள்ளே போனால், அரசியலமைப்புச் சட்டத்தில் கேள்வி கேட்டு மடக்குவார்கள். ஆசிரியர்கள்கூட அந்தத் தேர்வில் 'ஃபெயில்' ஆக்கப்பட்டார்கள். வரிசையில் நின்றதற்காக வேலையிழந்தவர்களும் உண்டு.

போராட்டம் சூடுபிடித்ததும், 1964 ஜூலையில் உள்ளூர் நீதிபதி ஓர் உத்தரவு போட்டார். உரிமை அமைப்புகளின் பெயரில் மூன்று பேரோ அதற்கு மேலோ எங்கும் கூடக் கூடாது. ஊர் அடங்கிப்போனது. கூட்டம் போடச் சின்ன அறை கிடைப்பதே பாடாகிவிட்டது.

அந்தத் தடையை மீறத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம்தான் பிரவுன் சேப்பல். 1965 ஜனவரி 2 அன்று, மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். சில வாரங்களுக்கு முன்புதான் நோபல் பரிசு வாங்கியிருந்தார். சுமார் 700 பேர் திரண்டார்கள். தடியைக் கையில் வைத்தே திரியும் ஷெரிஃப் ஜிம் கிளார்க், ஃபுட்பால் மேட்ச் பார்க்க மயாமிக்குப் போயிருந்த நேரம் அது. கூட்டத்தை யாரும் தடுக்கவில்லை. பிறகு தினமும் இங்கே கூடி, பாடி, ஜெபித்துவிட்டு, பதிவு அலுவலகத்துக்கு ஊர்வலம் போவதும், கைதாவதும் வழக்கமாகிவிட்டது.

பிப்ரவரியில் பக்கத்து ஊரான மேரியனில், ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டது. எட்டு நாள் கழித்து இறந்துபோனார். தலைநகர் மான்ட்கோமரி வரை நடந்தே போய் ஆளுநரிடம் நியாயம் கேட்பது என்ற முடிவு அந்தச் சாவிலிருந்து பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை

மார்ச் 7. பிரவுன் சேப்பலிலிருந்து சுமார் 600 பேர் இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டார்கள். முன்வரிசையில் 25 வயது ஜான் லூயிஸ். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மாநிலப் போலீஸ் மறித்தது. பிறகு நடந்தது தடியடி, கண்ணீர்ப்புகை, கூட்டத்துக்குள் பாய்ந்த குதிரைகள். லூயிஸின் மண்டை உடைந்தது. சிதறியவர்கள் ஓடிவந்து சேர்ந்ததும் இதே தேவாலயத்துக்குத்தான். பக்கத்திலிருந்த போதகர் இல்லம் முதலுதவி மையமானது. அன்றிரவு நாஜிகள் மீதான விசாரணை பற்றிய ஒரு சினிமாவை ஓட்டிக்கொண்டிருந்த ஏபிசி தொலைக்காட்சி, அதை நிறுத்திவிட்டு இந்தக் காட்சிகளைக் காட்டியது. அமெரிக்கா உறைந்துபோனது.

வெளிமாநிலங்களிலிருந்து போதகர்களும் கன்னியாஸ்திரீகளும் வந்து குவிந்தார்கள். அப்படி வந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைக்காரப் போதகரைத் தெருவில் அடித்தே கொன்றார்கள். தேவாலயம் இருந்த தெருவின் குறுக்கே போலீஸ் ஒரு கயிற்றைக் கட்டி மறித்தது. அதற்குப் போராட்டக்காரர்கள் வைத்த பெயர், 'பெர்லின் சுவர்'! மழையில் நனைந்தபடி நாள்கணக்கில் கயிற்றருகே நின்று பாடினார்கள்.

கடைசியில் நீதிமன்றம் அனுமதிக்க, மார்ச் 21 அன்று ராணுவப் பாதுகாப்போடு மூன்றாவது முறையாகப் புறப்பட்டார்கள். 87 கிலோமீட்டர், ஐந்து நாள். மான்ட்கோமரியை எட்டும்போது கூட்டம் 25,000 ஆகியிருந்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். அடுத்த வருடம் ஷெரிஃப் தேர்தல். புதிதாக ஓட்டு வாங்கியவர்கள் ஜிம் கிளார்க்கைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தக் கதையில் பலருக்கும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சாவி யாரிடம், செலவு யாருக்கு?

1997-ல் தேவாலயம் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. ஒபாமாவும் பைடனும் ஜனாதிபதி ஆவதற்கு முன்பே இங்கே வந்து பேசினார்கள். 2020 ஜூலையில் ஜான் லூயிஸ் இறந்தபோது, குதிரை வண்டியில் அவர் உடல் பாலத்தைக் கடைசியாகக் கடந்தது. அந்த ஊர்வலம் புறப்பட்டதும் இந்த வாசலிலிருந்துதான்.

ஆனால் தேசியச் சின்னம் என்ற பட்டம் கூரையை ஒழுகாமல் காப்பதில்லை. இது அரசுக் கட்டடமும் அல்ல. அன்று போல இன்றும் சபைக்கே சொந்தம், எனவே பழுதுபார்க்கும் பொறுப்பும் சபைக்குத்தான். போராட்டம் நடந்த காலத்தில் சுமார் 28,000 பேர் வாழ்ந்த ஊர் செல்மா. வேலை தேடி இளைஞர்கள் போய்க்கொண்டே இருக்க, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகிவிட்டது. காணிக்கைத் தட்டில் விழும் பணத்தை வைத்து நூறு வருடத்துக்கும் மேல் பழைய மரச்சட்டங்களை மாற்ற முடியாது. மானியங்கள் வந்தன. ஆனால் சுவரைத் திறந்து பார்க்கப் பார்க்க, கரையானும் ஈரமும் செய்த சேதம் முதலில் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கோபுரங்களைத் தாங்கும் மரங்களும் அரிபட்டிருந்தன. சுற்றுலா வருபவர்கள் வெளியில் நின்று படமெடுக்க, சபையார் ஞாயிறு ஆராதனைக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.