ஊழும் தெய்வமும் தீர்ப்பும்

அண்மையில் அரியாலையில் மாலை வகுப்பொன்றிற் சிலப்பதிகாரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாணவனொருவன் எழுந்து, "கோவலன் கொலையுண்டது ஊழினால் என்றால், பாண்டியன்மீது பிழை ஏது, ஐயா?" என்று வினவினான். கேள்வி பழையதுதான். ஆயினும் அன்றிரவு அது என்னைத் துயிலவிடவில்லை. யவனப் பெரும்புலவன் ஓமர் பாடிய இலியட் காவியத்தைக் கையிலெடுத்தேன்.

அதன் 16ஆம் காண்டத்திலே தேவர்கோன் சியூசின் மைந்தனாகிய சார்ப்பீடன் போர்க்களத்தில் மடியும் வேளை நெருங்குகின்றது. விதியைக் கடந்து மகனைக் காத்துவிடலாமா என்று தந்தை தடுமாறுகின்றான். அவன் தேவி ஹீரா தடுக்கின்றாள்: 'நீ உன் மகனைக் காத்தால் ஏனைத் தேவரும் தத்தம் மக்களைக் காக்க முற்படுவர்' என்பது அவள் வாதம். சியூஸ் குருதித் துளிகளை மழையாகச் சொரிகின்றான், மகன் மாள்கின்றான். உறக்கமும் சாவுமாகிய இரட்டையர் அவனுடலைத் தாய்நாடான லிசியாவுக்குச் சுமந்து செல்கின்றனர். தெய்வம் செய்தது அவ்வளவே.

மதுராபதித் தெய்வமும் கொலையைத் தடுத்திலது. நகர் எரியுண்டபின், கண்ணகியின் முன்னே நிற்கமாட்டாது பின்புறமாக வந்து பேசுகின்றது. முற்பிறப்பிலே பரதனென்னும் பெயரோடிருந்த கோவலன், சங்கமனென்னும் வணிகனை ஒற்றனெனக் காட்டிக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் கூறுகின்றது.

ஊழின் வரலாறு வெளிப்படுவது அரசன் மாண்டபின்னரே என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். இலியட்டின் 19ஆம் காண்டத்தில் அகமெம்னன், அக்கிலீசோடு தான் விளைத்த பூசலுக்குச் சியூசும் விதியுமே காரணம், தானல்லன் என்கின்றான். ஈடு கொடுக்க இசைந்தான் என்பது மெய்தான். பழியை மட்டும் ஏற்றிலன். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கும் அவ்வாறு சொல்ல வாயிருந்தது. சிலம்புடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் பழியைத் தன்மேலேயே சுமந்து வீழ்ந்தான்.

மட்டக்களப்புப் பகுதியில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி கோயில்களிற் படிக்கப்படும் ஏட்டின் பெயரும் 'கண்ணகி வழக்குரை' என்பதே. ஊழை நம்பிய மக்கள்தாம். எனினும் நூற்பெயரில் நிறுத்தியது வழக்கை.

மறுநாள் மாணவனிடம் இவற்றைச் சொன்னேன். சற்றே எண்ணியவன், "அப்படியாயின் அந்தப் பொற்கொல்லன், ஐயா?" என்றான். அடுத்த வகுப்பு அவனுக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றது.