சோல், ஹிப்-ஹாப் இசைத்தொகுப்புகள்: உறையில் இல்லாத பெயர்கள்

வாட்ஸ் கோயிங் ஆன் என்பது அமெரிக்கப் பாடகர் மார்வின் கே பாடித் தயாரித்து, 1971 மே 21 அன்று மோடவுன் நிறுவனம் வெளியிட்ட சோல் இசைத்தொகுப்பு. இதில் 9 பாடல்கள் உள்ளன. மொத்தம் சுமார் 35 நிமிடங்கள் ஓடும். ரோலிங் ஸ்டோன் இதழ் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 500 சிறந்த இசைத்தொகுப்புகளின் பட்டியலில் இதற்கு முதலிடம் தரப்பட்டது. 17 ஆண்டுகள் கழித்து, 1988இல், பப்ளிக் எனிமி என்ற ஹிப்-ஹாப் குழு இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக் என்ற தொகுப்பை வெளியிட்டது. ஹிப்-ஹாப் இசையில் ஒரு வாட்ஸ் கோயிங் ஆன் செய்ய வேண்டும் என்பதே அக்குழுவின் எண்ணமாக இருந்தது.

இவ்விரண்டும் உருவான விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. பாடுகிறவரின் பெயரையும் படத்தையும் இசைத்தட்டின் உறையில் எல்லோரும் பார்க்கிறோம். உள்ளே வாசித்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இரண்டு தொகுப்புகளுக்கும் பொதுவானது.

மோடவுன் என்ற தொழிற்சாலை

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாடல் மரபும் ரிதம் அண்ட் புளூஸ் என்ற ஆடலிசையும் சேர்ந்து 1950களின் இறுதியில் உருப்பெற்ற இசை. இந்த இசையை நாடெங்கும் கொண்டுசென்ற நிறுவனங்களுள் முதன்மையானது மோடவுன். டெட்ராய்ட் நகரில் 1959ஆம் ஆண்டு இதைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெற்றுச் சட்டமாக உள்ளே நுழைவது ஒவ்வொரு கையாக மாறி முழுக் காராக வெளியே வருவதைப் பார்த்த அவர், பாட்டையும் அப்படியே செய்யலாம் என்று எண்ணினார். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் இசை அமைப்பார், வேறொருவர் பாடுவார். முடிந்த பாடலை வாரந்தோறும் ஒரு குழு கூடிக் கேட்டு, வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அந்தக் குழுவுக்குத் தரக்கட்டுப்பாடு என்றே பெயர்.

இந்தத் தொழிற்சாலையின் உண்மையான இயந்திரம் ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட வாத்தியக்காரர்கள். இரவில் நகரத்து விடுதிகளில் ஜாஸ் வாசித்த இவர்கள், மற்ற நேரத்தில் மோடவுன் ஒலிப்பதிவுக்கூடத்தில் கூலிக்கு வாசித்தார்கள். கூரையிலிருந்து தொங்கிய கம்பிகளால் அந்தக் கூடத்துக்குப் பாம்புக் குழி என்று பட்டப்பெயர் உண்டு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் எனப் பாடியவர்கள் மாறினாலும் பின்னால் வாசித்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆனால் 1960களில் வந்த மோடவுன் இசைத்தட்டுகளின் உறையில் இவர்கள் பெயர் இருக்காது.

மறுக்கப்பட்ட பாடல்

தலைப்புப் பாடலின் விதை 1969 மே மாதம் விழுந்தது. ஃபோர் டாப்ஸ் குழுவின் ஓபி பென்சன், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், பீப்பிள்ஸ் பார்க் என்ற இடத்தைக் காக்கத் திரண்ட இளைஞர்களைப் போலீசார் தாக்குவதைத் தம் பேருந்திலிருந்து கண்டார். என்ன நடக்கிறது இங்கே என்று அவர் மனதில் எழுந்த கேள்விதான் பாட்டானது. ஏல் கிளீவ்லாண்டுடன் சேர்ந்து அவர் அதை உருவாக்கினார். அவருடைய குழுவினரோ எதிர்ப்புப் பாட்டு நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு அது மார்வின் கேயிடம் வந்தது.

அப்போது கே நொறுங்கிப் போயிருந்தார். அவரோடு இணைந்து பாடிவந்த டாமி டெரல், மூளைக் கட்டியால் 24 வயதில், 1970 மார்ச்சில் இறந்துவிட்டார். தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி, அங்கே கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாடலை வேறொரு குழுவுக்குக் கொடுக்கலாம் என்றுதான் கே முதலில் நினைத்தார். நீங்களே பாடுங்கள் என்று பென்சன் வற்புறுத்தியதால் மெட்டிலும் வரிகளிலும் தம் பங்கைச் சேர்த்து, 1970 ஜூனில் பதிவைத் தொடங்கினார்.

இந்தப் பதிவில் தவறிப்போய் நிகழ்ந்தவை பல. அவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டதுதான் கேயின் பெரிய தயாரிப்பு முடிவு என்பேன். பாட்டின் தொடக்கத்தில் வரும் சாக்ஸபோன், எலை ஃபான்டைன் வாத்தியத்தைச் சூடேற்றுவதற்காகச் சும்மா ஊதிப் பார்த்தது. அவர் பதிவுக்குத் தயாரானபோது, வேண்டியது கிடைத்துவிட்டது என்று கே அனுப்பிவைத்துவிட்டார். கேயின் குரல் இரண்டு முறை தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட அவர் கேட்டார். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கவிட்டார். ஒரே மனிதர் தனக்குத் தானே பதில் சொல்வது போன்ற அந்த ஒலி கேயைக் கவர்ந்தது. அன்றிலிருந்து அவருடைய பாடல்களின் அடையாளமே அதுதான். தொடக்கத்தில் கேட்கும் விருந்துப் பேச்சில் டெட்ராய்ட் லயன்ஸ் கால்பந்தாட்ட வீரர்களான மெல் ஃபார், லெம் பார்னி ஆகியோரின் குரல்களும் உண்டு.

பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டின் அடித்தளத்தில் கனமாக ஒலிக்கும் நாலு தந்தி வாத்தியம் அது. மற்றவர்கள் இரு விரல்களால் மீட்டும்போது இவர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். பழைய தந்திகளை மாற்றவும் மாட்டார். அன்றிரவு ஏதோ ஒரு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தவரைக் கே தேடிப் பிடித்து வந்தார் என்றும், குடிபோதையில் நேராக உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்தபடியே அவர் வாசித்தார் என்றும் சொல்லப்படுகிறது. டேவிட் வான் டிபிட் எழுதித் தந்த இசைக்குறிப்பைப் பார்த்தபடியே வாசித்தாராம். கதையை நம்பாதவர்களும், பாட்டைப் போட்டுக் குரலை மறந்துவிட்டு அந்தப் பேஸ் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஒரே தாளச் சொல்லை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்லாத மனிதர் அவர்.

முடிந்த பாட்டைக் கோர்டி விரும்பவில்லை. விற்காது என்றார். இதை வெளியிடும்வரை வேறெதையும் பாடுவதில்லை என்று கே உட்கார்ந்துவிட்டார். மாதங்கள் ஓடின. 1971 ஜனவரியில் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு அதிகாரிகள் கோர்டிக்குத் தெரியாமலே பாடலை வெளியிட்டார்கள். முதல் 1 லட்சம் பிரதிகள் சில நாட்களில் விற்றுப்போயின. பில்போர்டின் பொதுப் பட்டியலில் 2ஆம் இடத்தையும் சோல் பட்டியலில் முதலிடத்தையும் பாடல் பிடித்தது. உடனே கோர்டியே முழுத் தொகுப்பையும் விரைந்து முடித்துத் தரச் சொன்னார். எஞ்சிய பாடல்களின் பெரும்பகுதி மார்ச் மாதத்தின் பின்பாதியில் பதிவாயிற்று. டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவைச் சேர்ந்த வயலின் கலைஞர்கள் அதில் வாசித்தார்கள். ஜேமர்சன் இல்லாத பாடல்களில் பாப் பாபிட் பேஸ் வாசித்தார்.

இசைத்தட்டு வெளிவந்தபோது, மடித்த உறையில் பாடல் வரிகளோடு வாத்தியக்காரர்களின் பெயர்களும் அச்சாகியிருந்தன. மோடவுன் வரலாற்றில் அது புதிது. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ஒப்பற்ற என்ற அடைமொழியும் இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் வாசித்த ஒருவருக்கு ஒரே ஓர் அடைமொழி! மறு ஆண்டே மோடவுன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. வாத்தியக்காரர்கள் பலர் டெட்ராய்டிலேயே விடப்பட்டனர்.

துணுக்குகளால் கட்டிய தொகுப்பு

ஹிப்-ஹாப் 1973ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்ததாகக் கொள்வது வழக்கம். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை டி.ஜே. கூல் ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை வைத்து அந்தத் துண்டை மட்டும் நீட்டினார். 1980களில் இந்த வேலையைச் செய்ய சாம்பிளர் என்ற கருவி வந்தது. பழைய பதிவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்து, விசையைத் தட்டும்போதெல்லாம் ஒலிக்கும் கருவி இது. புகழ்பெற்ற எஸ்.பி.-1200 கருவியின் நினைவகம் மொத்தமே 10 விநாடிதான் கொள்ளும். ஆகவே 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சமாகும். ஒலியில் ஒரு கரகரப்பும் சேரும். இந்த இசைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பப்ளிக் எனிமியின் தயாரிப்பாளர்களான ஹேங்க் ஷாக்லி, எரிக் சாட்லர் முதலியோர் அடங்கிய பாம் ஸ்குவாட், ஒரே பாட்டில் பல துணுக்குகளை அடுக்கி, நகரத்து இரைச்சல் போன்ற ஓர் ஒலிச்சுவரை எழுப்பினார்கள். இனிமை அவர்கள் நோக்கமல்ல. ரெபெல் வித்தவுட் எ பாஸ் என்ற பாடலில் கெட்டில் கொதித்து விசிலடிப்பது போல் ஓயாமல் அலறுவது, ஜே.பி.ஸ் குழுவின் சாக்ஸபோன் துணுக்கு. அதன் கீழே ஓடும் டிரம்ஸ், ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்கி டிரம்மர் பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்தது. அந்தத் துணுக்கைத் தானாகச் சுழலவிடாமல், குழுவின் ஃபிளேவர் ஃபிளேவ் பாட்டு முழுவதும் கையாலேயே தட்டினார். அதனால் இயந்திரத்துக்குள்ளும் ஒரு மனிதக் கையின் தளர்வும் இறுக்கமும் கேட்கின்றன. பாடல்களுக்கு இடையே லண்டன் மேடை நிகழ்ச்சியின் ஆரவாரத்தைச் சேர்த்துத் தொகுப்பை இடைவெளியின்றி ஓடவிட்டார்கள்.

இந்த முறைக்கு விலை வந்தது 1991ஆம் ஆண்டு. பிஸ் மார்க்கி என்ற கலைஞர் பழைய பாடலொன்றின் துணுக்கை அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கில், நியூயார்க் நீதிமன்றம் பத்துக் கட்டளைகளில் ஒன்றை மேற்கோள் காட்டித் தீர்ப்பைத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. பல துணுக்குகளை அடுக்கும் தொகுப்புகள் கட்டுப்படியாகாமல் போயின. 1989இல் வெளியான டி லா சோல் குழுவின் த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங், உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச் வரை இணைய இசைச் சேவைகளுக்கு வரவே முடியவில்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டம் பாதுகாப்பது இருவரை: பாடலை இயற்றியவராகப் பதிவானவர், ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ள நிறுவனம். கூலி வாங்கிக்கொண்டு டிரம்ஸ் வாசித்தவர் இவ்விருவரிலும் இல்லை. ஃபங்கி டிரம்மர் 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவானது. அதை இயற்றியவராகப் பதிவாகியிருப்பவர் ஜேம்ஸ் பிரவுன். பாட்டின் பெயரே டிரம்மரைக் குறித்தாலும், உலகிலேயே மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட தாளங்களுள் ஒன்றான அதன் சில விநாடிகளுக்காக ஸ்டபிள்ஃபீல்டுக்கு உரிமைத்தொகை வரவில்லை. தம் தாளத்தைப் பயன்படுத்தியவர்கள் பெயரும் போடவில்லை, பணமும் தரவில்லை என்றும், எடுத்ததற்குக் கொடுக்காமலிருப்பது மரியாதைக் குறைவு என்றும் 2011ஆம் ஆண்டு ஒரு பேட்டியில் அவர் கூறினார். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் வாழ்ந்த அவர், நெடுங்காலம் திங்கள் இரவுகளில் உள்ளூர் விடுதியொன்றில் தம் குழுவோடு வாசித்துவந்தார். 2017 பிப்ரவரியில் காலமானார்.