ஓரக்கோட்டுக்காரர்கள் – 11: செவில்லில் ஐந்தாவது உதை

சென்ற வாரம் கரிஞ்சாவைப் பார்த்தோம். பந்தைக் காலில் வாங்கி, எதிரில் நிற்பவரைத் தன் உடல் அசைவாலேயே ஏமாற்றி, ஆட்டத்தைத் தனியாளாகத் திருப்பிய விங்கர் அவர். இந்த வாரம் எடுத்துக்கொள்வது கிட்டத்தட்ட எதிர்த்துருவத்தில் நிற்கும் ஒருவரை. ருமேனியாவின் மாரியுஸ் லகத்தூஷ், 1964இல் பிரஷோவ் நகரில் பிறந்தவர். 1983இல் தலைநகரின் ஸ்டெவா புகாரெஸ்ட் அணிக்கு வந்தார். அந்த ஓர் அணியோடு பத்து லீக் பட்டங்களும் ஓர் ஐரோப்பியக் கோப்பையும் வென்றார். ஆனால் நாட்டைவிட்டு வெளியே போய் ஆடிய மூன்று ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. இந்த முரணை வைத்து மேற்கு ஐரோப்பாவில் சுலபமாக ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: கம்யூனிஸ்ட் அதிபர் சௌஷெஸ்கு ஆட்சியின் செல்லப்பிள்ளை அணி, அதன் செல்வாக்கில் மின்னிய ஆட்டக்காரர், எல்லை திறந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அவருடைய ஏற்றமும் இறக்கமும் அரசின் தயவைப் பின்தொடரவில்லை. அவருக்குப் பந்து கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பின்தொடர்ந்தன. விங்கர்களில் ஒரு வகையினருக்கு இது பொதுவான விதி. லகத்தூஷ் அந்த வகையின் மிகத் தெளிவான உதாரணம்.

முதலில் 1986 மே 7. செவில் நகரின் சாஞ்செஸ் பிஸ்ஹுவான் மைதானம், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், எதிரே பார்சிலோனா. ஸ்பெயின் மண்ணில், ஏறக்குறைய முழு அரங்கமும் பார்சிலோனா ஆதரவாளர்களால் நிறைந்திருந்தது. ஸ்டெவாவின் கேப்டன் ஸ்டோய்க்கா தடை காரணமாக ஆட முடியவில்லை. துணைப் பயிற்சியாளராக இருந்த யோர்தனெஸ்கு, 36 வயதில், மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்க வேண்டியிருந்தது. 120 நிமிடங்களிலும் கோல் இல்லை. பெனால்ட்டிகள் தொடங்கின. ஸ்டெவாவின் மஜாரு உதைத்ததை பார்சிலோனா கோல்கீப்பர் உருத்தி தடுத்தார். பார்சிலோனாவின் அலெக்ஸாங்கோ உதைத்ததை ஸ்டெவா கோல்கீப்பர் டுக்கடாம் தடுத்தார். பொலோனியின் உதையை மறுபடி உருத்தி. பெட்ராசாவின் உதையை மறுபடி டுக்கடாம். நான்கு பேர் உதைத்து ஒருவரும் கோல் போடாத நிலையில் ஐந்தாவதாக வந்தவர் 22 வயது லகத்தூஷ். அதுவரை பார்த்துப் பார்த்து உதைத்தவர்கள் எல்லாம் தோற்றிருந்தார்கள். இவர் மூலை தேடவில்லை, முழு வேகத்தில் உயர அடித்தார். பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பாகத்தில் மோதி உள்ளே இறங்கியது. ஓர் அங்குலம் மேலே போயிருந்தால் அரங்கத்துக்குள் போயிருக்கும். அந்த உதையில் கணக்கு குறைவு, துணிச்சல் அதிகம். அதுதான் அவர் ஆட்டத்தின் இயல்பும்கூட. பிறகு பாலிந்த் இன்னொரு கோல் போட்டார், டுக்கடாம் மேலும் இரண்டைத் தடுத்தார். 2–0. கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் ஸ்டெவா.

இங்கே எழும் ஆட்சேபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஸ்டெவா ராணுவத்தின் கிளப். அதிபரின் மகன் வாலெந்தின் சௌஷெஸ்கு அதன் புரவலராகவே இருந்தார். 1987 பிப்ரவரியில் ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்காக நடுக்கள ஆட்டக்காரர் ஹாஜியை ஸ்போர்ட்டுல் அணியிலிருந்து வாங்கினார்கள்; அந்த ஓர் ஆட்டத்துக்கென்று வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 1988 ருமேனியக் கோப்பை இறுதியில் டினாமோவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் பாலிந்த் போட்ட கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டதும் ஸ்டெவா களத்தைவிட்டு வெளியேறியது. வெளியேறிய அணிக்கே கோப்பை என்று பிறகு சம்மேளனம் அறிவித்தது! உள்நாட்டு லீக்கில் 104 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் இருந்தார்கள் என்ற சாதனையை இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும். டினாமோவுக்கும் உள்துறை அமைச்சகம் பின்னால் நின்றது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் செல்வாக்கு இருந்தது என்பதால் லீக் நேர்மையாகிவிடாது. மற்ற பதினாறு அணிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதே. ஆகவே 1985 முதல் 1989 வரையிலான ஐந்து பட்டங்களை லகத்தூஷின் திறமைக்குச் சான்றாக நான் முன்வைக்கப் போவதில்லை. அவற்றை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு மீதி இருப்பதை மட்டும் எடைபோடலாம்.

மீதி இருப்பது போதும். புகாரெஸ்டின் கை செவில் வரை நீளாது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஆண்டர்லெக்ட்டிடம் 0–1 என்று தோற்று, சொந்த ஊரில் 3–0 என்று வென்றுதான் இறுதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டர்லெக்ட்டில் ஷிஃபோ போன்றவர்கள் ஆடினார்கள். ரசிகர்கள் உயிரிழந்த ஹெய்சல் மைதான விபத்துக்குப் பிறகு ஆங்கிலேயக் கிளப்புகள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டு அது, அதனால் கோப்பை மலிந்துவிட்டது என்றும் ஒரு வாதம் உண்டு. ஆங்கிலேயர்கள் இல்லாதது உண்மை. ஆனால் முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற யுவெண்டஸ் அந்தத் தொடரில் இருந்தது. அதைக் காலிறுதியில் வெளியேற்றிய பார்சிலோனாதான் இறுதியில் நின்றது. ஒரே ஒரு வருட அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 1988இல் அதே அணி அரையிறுதிக்குப் போய் பென்ஃபிக்காவிடம் தோற்றது. 1989இல் மறுபடி இறுதிக்குப் போனது. அங்கே மிலானிடம் 0–4 என்று நொறுங்கியது. குல்லிட்டும் வான் பாஸ்டனும் ஆளுக்கு இரண்டு கோல் போட்ட அந்த இரவு ஸ்டெவாவின் உச்சவரம்பு எது என்று காட்டியது. நான்கு ஆண்டுகளில் இரண்டு இறுதி, ஓர் அரையிறுதி: இது ஒரு சர்வாதிகாரியின் குடும்பம் தொலைபேசியில் ஏற்பாடு செய்யக்கூடிய காரியம் அல்ல.

அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? என் பார்வையில் பதில் கசப்பானது. அந்த அணியை யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. மேற்கே ஒரு சிறு கிளப் இப்படி நன்றாக ஆடினால் அடுத்த கோடையிலேயே அதன் முதல் நான்கு பேரைப் பணக்கார அணிகள் கொத்திக்கொண்டு போய்விடும். ருமேனியாவின் எல்லை மூடிக் கிடந்தது. செவில்லில் ஆடியவர்கள் அத்தனை பேரும் ருமேனியக் குடிமக்கள்; பலர் வருடக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். வலது ஓரத்தில் பின்னாலிருந்து ஏறிவரும் இயோவான், நடுவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்காமலே பந்து போடக்கூடிய பொலோனி, பெட்டிக்குள் தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டு நகரும் பிட்சுர்க்கா. இந்த மூவருக்கும் லகத்தூஷ் எந்தக் கணத்தில் ஓடத் தொடங்குவார் என்று தெரியும். அவர் கரிஞ்சாவைப்போல நின்ற இடத்தில் பந்தை வாங்கி ஆட்டம் காட்டுபவர் அல்ல. தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை நோக்கி முதலில் பாய்வார். பந்து அங்கே வந்து சேர வேண்டும். வந்தால் தோளால் இடித்துக்கொண்டு போய், எந்தக் கோணமாக இருந்தாலும் அடிப்பார். ரசிகர்கள் அவரை மிருகம் என்று கொண்டாடியது அந்த மூர்க்கத்துக்காக. பந்து அரை நொடி தாமதித்தால் அதே ஓட்டம் ஆஃப்சைடு. வராவிட்டால் வெறும் வியர்வை. இப்படிப்பட்டவர் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் இருக்கும் பழக்கத்தைப்போல ஒரு கூட்டுப் பழக்கத்துக்குள்தான் முழுமையாக வெளிப்படுவார்.

இதைச் சொல்வதால் அந்தக் கூண்டுக்கு நான் நன்றி சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செவில்லில் ஆடிய ஸ்டெவா தடுப்பாளர் பெலோதேதிச் 1988இல் யூகோஸ்லாவியாவுக்குத் தப்பி ஓடினார். ருமேனியா அவரைத் தேசத்துரோகி என்று அறிவித்து, அவர் இல்லாமலேயே பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. ‘உண்மையான திறமை இருந்திருந்தால் லகத்தூஷும் முன்பே வெளியே போய் நிரூபித்திருக்கலாமே’ என்று கேட்பவர்கள் இந்த விலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விங்கருக்குக் கால்களில் வேகம் உச்சத்தில் இருக்கும் 20 முதல் 25 வயது வரையிலான காலம் முழுவதும் அவருக்கு வெளியுலகம் மறுக்கப்பட்டிருந்தது. ஆட்சி கவிழ்ந்த 1989 டிசம்பரில் அவருக்கு வயது 25.

ஆறு மாதம் கழித்து இத்தாலி உலகக் கோப்பை. 1990 ஜூன் 9, பாரி நகரின் புதிய சான் நிக்கோலா மைதானம். எதிரே பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியின் சோவியத் அணி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நாடுகளுக்கான சாம்பியன்ஷிப்பின் இறுதிவரை போன அணி. ருமேனியாவுக்கு அன்று ஹாஜி இல்லை. சௌஷெஸ்கு சுட்டுக்கொல்லப்பட்டு ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. இனி யார் செல்வாக்கும் இல்லை. முதல் பாதி முடியும் தறுவாயில் வலது ஓரத்தில் பந்து வந்தது. லகத்தூஷ் உள்ளே வெட்டித் திரும்பவில்லை, யாருக்கும் கிராஸ் போடவில்லை. குறுகிய கோணத்திலிருந்து நேராக அடித்தார். தசாயேவ், அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர், தன் பக்கத்துக் கம்பத்தின் அருகிலேயே ஏமாந்தார். இரண்டாவது கோல் பெனால்ட்டி. பந்து கையில் பட்டது பெட்டிக்கு வெளியே என்பதைப் பதிவில் தெளிவாகப் பார்க்கலாம், அந்த விசில் தவறுதான். அதனால் அந்த இரண்டாவதையும் கழித்துவிடுகிறேன். முதல் கோல் ஒன்றே போதும்.

அந்தக் கோடையில் இத்தாலியின் ஃபியொரெண்டினா அவரை வாங்கியது. வாங்கிய நேரத்தைக் கவனியுங்கள். அப்போதுதான் தங்கள் நட்சத்திரம் பாஜியோவை யுவெண்டஸுக்கு விற்றிருந்தார்கள், ஃப்ளோரன்ஸ் தெருக்களில் கலவரமே நடந்தது. பயிற்சியாளர் லசரோனி பிரேசில் அணியோடு உலகக் கோப்பையில் தோற்றுவிட்டு வந்த புதியவர். உலகின் இறுக்கமான தற்காப்பு லீக் அது. ஓர் அணிக்கு மூன்று வெளிநாட்டவர்தான். பாஜியோ இல்லாத நடுக்களத்திலிருந்து அந்தக் காலி இடத்துக்குப் பந்து போட ஆளில்லை. ஃபியொரெண்டினா பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்தது, லகத்தூஷ் ஓராண்டில் கிளம்பி ஸ்பெயினின் ஒவியெடோவுக்குப் போனார். அங்கேயும் இரண்டு சாதாரண ஆண்டுகள். இதை வைத்து அவருடைய பழைய ஆட்டத்தையே பொய் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். ஹாஜியை என்ன சொல்வீர்கள்? அவர் ரியால் மாட்ரிட்டில் இரண்டு ஆண்டுகள் ஒளிராமல் இருந்து, பிறகு ப்ரெஷாவுக்குப் போய், அதோடு இத்தாலியின் இரண்டாம் பிரிவுக்கே இறங்கினார். அங்கிருந்து நேராக 1994 உலகக் கோப்பைக்கு வந்து, பழகிய தோழர்கள் நடுவே அர்ஜென்டினாவை வீட்டுக்கு அனுப்பினார். ஹாஜியின் மேதைமையை எவரும் சந்தேகிப்பதில்லை. அவருக்குப் பொருந்தும் நியாயம் அவரைவிடத் துணையை அதிகம் நம்பியிருந்த ஒருவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்த வேண்டும்.

1993இல் லகத்தூஷ் ஸ்டெவாவுக்குத் திரும்பினார். 1994 முதல் 1998 வரை மறுபடி ஐந்து லீக் பட்டங்கள். தேசிய அணிக்கும் திரும்பி, 34 வயதில் 1998 உலகக் கோப்பைக்குப் போனார். ஆட்சியின் தயவு இருந்தபோது ஐந்து, அது இல்லாதபோது ஐந்து! இந்தச் சமன்பாடு என் வாதத்துக்கு மிக வசதியானது என்பதாலேயே இதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லை திறந்த பின் நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வெளியே போய்விட்டதால் அந்த லீக் மெலிந்திருந்தது. பட்டம் வெல்ல அரசின் கை தேவைப்படவில்லை என்பதை மட்டுமே அது நிறுவுகிறது, பழைய உயரத்தை நிறுவவில்லை. 1994 முதல் தொடர்ந்து மூன்று பருவங்கள் ஸ்டெவா சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவு ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது, ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை. ஓடுவதற்கு லகத்தூஷ் இன்னும் இருந்தார். ஆனால் அவருக்குப் பந்து கொண்டுவந்து சேர்க்கக்கூடிய ருமேனியர்கள் வெளியே போயிருந்தார்கள்: 1994இல் ஹாஜி பார்சிலோனாவில் இருந்தார், டுமித்ரெஸ்கு டாட்டன்ஹாமில். அடுத்த ஆண்டு பொபெஸ்கு பார்சிலோனாவுக்கும் பெத்ரெஸ்கு செல்சிக்கும் போனார்கள். பத்தாண்டு முன்னால் இந்த நால்வரும் போயிருக்கக்கூடிய ஒரே பெரிய இடம் புகாரெஸ்ட்.