தொடக்கத் தற்சோதனை

தொடக்கத் தற்சோதனை என்பது கணினிக்கு மின்சாரம் வழங்கப்பட்டதும், இயக்குதளம் ஏற்றப்படுவதற்கு முன்னர், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் முதன்மையான வன்பொருட்களைச் சோதித்து இயக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் செயன்முறை ஆகும். இது போஸ்ட் எனச் சுருக்கமாக வழங்கப்படுகிறது. வழமையாக இயங்கும் கணினியில் இச்சோதனை சில நொடிகளில் முடிந்துவிடுவதால் பயனர் இதனைக் கவனிப்பதில்லை.

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் பூட்டிய மேசைக் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடும்போது இச்சோதனை முதன்மை பெறுகிறது. நிறுவனம் பூட்டி விற்ற கணினியாயின் முழுமைக்கும் ஒரே உத்தரவாதம் உண்டு. தானே பூட்டிய கணினியிலோ ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் வேறு, விற்பனையாளரும் வேறு. எனவே எந்தப் பாகம் பழுது என்பதை உரிமையாளரே முதலில் அறிந்தாக வேண்டும். தவறான ஊகத்தில் புதிய செயலி ஒன்றை வாங்கிய பின்னர், குறை சரியாகச் செருகப்படாத ஒரு மின்வடத்தில் இருந்தது எனத் தெரியவருவது அரிதன்று.

வரலாறு

1981 ஆகத்து மாதம் வெளியான ஐபிஎம் தனியாள் கணினியின் பயாஸ் நிலைபொருளில் இச்சோதனை இடம்பெற்றிருந்தது. எல்லாம் சரியாக இருப்பின் ஒரு குறுகிய பீப் ஒலி எழும். பழுது இருப்பின் திரையில் ஓர் எண் தோன்றும்: 201 நினைவகத்தையும், 301 விசைப்பலகையையும், 601 நெகிழ்வட்டு இயக்கியையும் குறித்தன. 1984 இல் வெளியான ஐபிஎம் ஏடி கணினி, சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைப் பதினறும எண் 80 எனும் முகவரி கொண்ட வாயிலுக்கு அனுப்பியது. அவ்வாயிலைப் படித்து இரண்டு இலக்கங்களில் காட்டும் சோதனை அட்டைகளைப் பழுதுபார்ப்போர் பயன்படுத்தலாயினர். இன்று விலை உயர்ந்த தாய்ப்பலகைகள் சிலவற்றில் அத்தகைய இலக்கக்காட்டி பலகையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பிற்காலத்தில் பயாசின் இடத்தை யூஇஎஃப்ஐ நிலைபொருள் பிடித்துக்கொண்டாலும் தற்சோதனை தொடர்கிறது.

செயற்படும் முறை

மின்வழங்கி இயங்கத் தொடங்கியவுடன் செயலி வேலையைத் தொடங்குவதில்லை. மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பின், ஏறத்தாழ 100 முதல் 500 மில்லிநொடிகளுக்குள், மின்வழங்கி "மின்சாரம் சரி" என்னும் குறிகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அது வரும்வரை செயலி மீட்டமைப்பு நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படுகிறது. வந்தபின் செயலி குறிப்பிட்ட ஒரு முகவரியிலிருந்து நிலைபொருளின் முதற் கட்டளையைப் படிக்கிறது. இன்டெல் 8086 செயலியில் அம்முகவரி 1 மெகாபைட்டு எல்லைக்கு 16 பைட்டுகள் முன்னர் அமைந்திருந்தது.

இதன்பின் நினைவகம் கண்டறியப்படுகிறது. அடுத்து வரைவியல் அட்டை, பின்னர் விசைப்பலகை, வட்டுக்கள் முதலியவை. இறுதியாக இயக்குதளம் உள்ள வட்டுக்குக் கட்டுப்பாடு கைமாறும். நுணுக்கமான படிகள் பலகைக்குப் பலகை வேறுபட்டாலும் பொதுவான வரிசை இதுவே. இவ்வரிசையைப் புரிந்துகொண்டால் பழுதுகாணலின் பெரும்பகுதி விளங்கிவிடும். திரை உயிர்பெறுவதற்கு முன்னரே சோதனை நின்றுவிட்டால் பிழையைத் திரையில் எழுத வழியில்லை. பீப் ஒலிகளும் ஒளிவிளக்குகளும் ஏற்பட்ட காரணம் இதுவே. மாறாக, திரையில் ஏதேனும் ஓர் எழுத்து தோன்றிவிட்டால் மின்வழங்கி, செயலி, நினைவகம், வரைவியல் அட்டை ஆகிய நான்கும் குறைந்தது அந்தக் கட்டம்வரை இயங்கின என்று கொள்ளலாம்.

நின்ற இடமும் காரணமும்

பொத்தானை அழுத்தியும் விசிறி கூடச் சுழலாதிருப்பின், மின்வழங்கியின் பின்புற ஆளி, சுவர் இணைப்பு, பெட்டியின் முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வடம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அவ்வடம் செருகப்படும் இரண்டு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு கணம் தொடுத்தால் கணினி தொடங்குமாயின் பழுது பொத்தானிலேயே உள்ளது. விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடுவது பெரும்பாலும் குறுக்குச்சுற்றின் அறிகுறி. தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் தண்டுகளில் ஒன்று துளைக்கு நேராக இல்லாமல் பலகையின் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

விசிறிகள் சுழன்றுகொண்டிருக்க, திரை இருண்டே இருக்கும் நிலைதான் புதிதாகப் பூட்டுவோரை மிகவும் குழப்புவது. 24 ஊசி கொண்ட பெரிய இணைப்பானைச் செருகியவர், செயலிக்கெனத் தனியே உள்ள 4 அல்லது 8 ஊசி 12 வோல்ட் இணைப்பானை மறந்திருக்கலாம். அப்போது விசிறிக்கு மின்சாரம் கிடைக்கும், செயலிக்குக் கிடைக்காது. நினைவகச் சட்டம் ஒரு முனையில் மட்டும் அமர்ந்திருப்பதும் இதே தோற்றத்தைத் தரும்.

ஒலிபெருக்கி இருப்பின் பீப் ஒலிகளை எண்ணிப் பார்க்கலாம். பழைய ஏஎம்ஐ பயாசில் மூன்று பீப் அடிப்படை நினைவகப் பழுதையும், எட்டு பீப் திரை நினைவகப் பழுதையும் குறித்தன. அவார்டு பயாசில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வரைவியல் பழுதைச் சுட்டின. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பொருள் மாறுவதால் பலகையின் கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்வது தவறு. தற்காலப் பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், வரைவியல், தொடக்க வட்டு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எரிந்தபடி நிற்கும் விளக்கே சோதனை நின்ற இடம்.

தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றி அங்கேயே உறைந்துவிடுமாயின், செருகப்பட்டுள்ள யூஎஸ்பி கருவிகளையும் வட்டுக்களையும் கழற்றிப் பார்ப்பது நலம். பழுதான வட்டு ஒன்றின் விடைக்காக நிலைபொருள் காத்துக்கொண்டிருக்கக்கூடும். தொடக்க வட்டு இல்லை என்ற அறிவிப்பு வருமாயின் தற்சோதனை முடிந்துவிட்டது. தேடவேண்டியது வட்டையும் தொடக்க வரிசை அமைப்பையுமே.

குறைந்தளவுப் பாகங்களைக் கொண்டு சோதித்தல்

காரணம் தெரியாதபோது தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, அதன் குளிர்விப்பி, ஒரே ஒரு நினைவகச் சட்டம், மின்வழங்கி, ஒலிபெருக்கி ஆகியவற்றுடன் மட்டும் தொடங்கிப் பார்ப்பது சிறந்த முறை. இந்நிலையில் இயங்குமாயின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்தால் சோதனையின் பயன் கெட்டுவிடும். இயங்காவிடின் நினைவகத்தையும் கழற்றிவிட்டுத் தொடங்கலாம். நினைவகம் இல்லை எனப் பலகை பீப் ஒலித்தால் செயலியும் நிலைபொருளும் உயிருடன் உள்ளன என்பது உறுதி.

அமைப்புகளை மாற்றிய பிறகு சிக்கல் எழுந்திருந்தால், ஜம்பர் வழியாகவோ, மின்வடத்தைப் பிடுங்கியபின் சிஆர் 2032 வகை மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி வைத்தோ நிலைபொருள் அமைப்புகளை அழிக்கலாம். எந்தப் பாகத்தைத் தொடுமுன்னும் மின்வடத்தைப் பிடுங்குதல் வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. வடத்தைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு விளைக்கும் மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும்.

பழுது போலத் தோன்றுபவை

எல்லாப் பாகங்களும் நல்ல நிலையில் இருந்தும் கணினி தொடங்காமல் போகலாம். செயலி பலகையிலுள்ள நிலைபொருளைவிடப் புதியதாக இருப்பின் பலகை அதனை அடையாளம் காணாது. 2018 இல் ஏஎம்டி நிறுவனம் வேகா வரைவியல் கொண்ட ரைசன் செயலிகளை வெளியிட்டபோது இச்சிக்கல் எழுந்தது; நிலைபொருளைப் புதுப்பிப்பதற்கு மட்டும் பழைய செயலி ஒன்றைத் தகுதியுள்ள பயனர்களுக்கு அந்நிறுவனம் இரவலாக அனுப்பியது. இப்போது பல பலகைகளில் செயலி இன்றியே யூஎஸ்பி வழியாக நிலைபொருளைப் புதுப்பிக்க முடிகிறது.

பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் உள்ளமைந்த வரைவியல் இல்லை. அவற்றில் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையில் செருகினால் எதுவும் தெரியாது; தனி வரைவியல் அட்டையிற்றான் செருகவேண்டும்.

டிடிஆர் 5 நினைவகம் கொண்ட கணினிகளில், 2022 இல் வந்த ஏஎம்டி ஏஎம்5 பலகைகளில் குறிப்பாக, முதன்முறை தொடங்கும்போது நினைவகத்துடனான மின்குறிகைகளின் காலவளவைச் சீர்செய்யப் பல நிமிடங்கள்கூட ஆவதுண்டு. அதுவரை திரை இருண்டிருக்கும். நினைவக விளக்கு எரியும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துபவர் அதே வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறார். நினைவகச் சட்டங்கள் பெரியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருப்பின் காத்திருப்பும் நீளும்.

வரையறைகள்

தற்சோதனை விரைவைக் கருதி மேலோட்டமாகவே நடைபெறுகிறது. அதில் தேறிய நினைவகம் குறையற்றது என்பதற்கு உறுதியில்லை. இயக்குதளம் ஏறும்போதோ அதன் பின்னரோ கணினி உறைந்தால் மெம்டெஸ்ட்86 போன்ற நிரலைப் பல மணிநேரம் ஓடவிட்டுப் பார்ப்பர். மின்வழங்கியின் குறையும் இதில் அகப்படாது போகலாம். சோதனையின்போது வரைவியல் அட்டை மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், வலுவிழந்த மின்வழங்கி அந்நேரம் தாக்குப்பிடித்து, விளையாட்டொன்றைத் தொடங்கியதும் கணினியை அணைத்துவிடும். 2000களின் முற்பகுதியில் தயாரான பலகைகள் பலவற்றில் தரங்குறைந்த மின்பகுபொருள் மின்தேக்கிகள் மேற்புறம் உப்பிக் கசிந்தன. அத்தகைய பலகை சில நாட்களில் தொடங்கும், சில நாட்களில் தொடங்காது. ஆயினும் தொடங்கிய நாட்களில் தற்சோதனை எக்குறையும் காட்டாது.