வால்சு நடையும் நொட்டுஸ்வரமும்

வியன்னா மாநகரிற் புத்தாண்டு நாளன்று நிகழும் வாத்தியக் குழுக் கச்சேரி உலகப் புகழ் வாய்ந்தது. 1939 டிசம்பர் 31 இல் கிளெமென்ஸ் கிரவுஸ் என்பாரின் தலைமையில் முதன்முதல் நடந்த இவ்விசைவிழா, 1941 தொடக்கம் ஜனவரி முதல் நாளுக்கு உரியதாயிற்று. ஸ்திராவுஸ் குடும்பத்தார் இயற்றிய வால்சுகளும் பொல்காக்களுமே அதற்கு உயிர்நாடி. ஒப்பரெட்டா எனப்படும் நகைச்சுவை இசைநாடகங்களின் முகப்பிசையும் இடையிடையே ஒலிக்கும். முடிவில் ராடெட்ஸ்கி அணிநடைக்கு அவையோர் கைதட்டித் தாளமிடுவர்.

இவ்வாடலிசை தமிழர் செவிக்கு முற்றும் அயலானதன்று. வால்சு மூன்றெண்ணிக்கைத் தாளத்தது; முதலெண்ணில் அழுத்தமும் ஏனை இரண்டில் தளர்வும் அமையும். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ கோயில் வீதியில் நின்று தவில் கேட்டவர் அதனைத் 'தகிட' என்னும் திசிர நடைக்கு உறவென எளிதில் உணர்வர். பொல்கா இரண்டெண்ணிக்கையில் துள்ளிச் செல்வது.

இவ்வுறவை முதலிற் கண்டு பயன்கொண்ட பெருமகன் முத்துசுவாமி தீட்சிதர். அவர்தம் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தார். முதலியார் கிழக்கிந்தியக் கும்பனியாரோடு தொடர்புடையவர். ஆதலின் ஜோர்ஜ் கோட்டையில் வெள்ளையர் வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்பு அக்குடும்பத்துக்குக் கிட்டியது என்பர். இளவல் பாலுசுவாமி அங்கே பிடில் பயின்றார். தமையனாரோ கேட்ட மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளைப் பொருத்தினார். இவையே நொட்டுஸ்வர சாகித்தியங்கள். ஏறத்தாழ நாற்பது உள. 'சந்ததம் பாஹிமாம்' என்பது ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலும், 'சக்தி சஹித கணபதிம்' என்பது ஒரு பிரெஞ்சு நடனப் பாட்டின் மெட்டிலும் அமைந்தவை. மேனாட்டாரின் 'மேஜர்' சுரவரிசையும் நம் சங்கராபரணமும் ஒரே சுரத்தானங்களை உடையனவாதலின், மெட்டுக்கள் தடையின்றிக் குடியேறின.

ஈண்டு ஒரு திருத்தம் வேண்டும். தீட்சிதர் ஸ்திராவுசின் வால்சுகளைக் கேட்டிருத்தல் இயலாது. அவர் மறைந்த 1835 இல் இளைய ஸ்திராவுஸ் பத்து வயதுச் சிறுவன். 'நீலத் தன்யூப்' தோன்றியதோ 1867 இல். பொல்காவும் அக்காலத்தேதான் பொகீமியாவிற் பிறந்துகொண்டிருந்தது. அவர் கேட்டவை அதற்கு முற்பட்ட அணிநடைகளும் நாட்டார் ஆடல் மெட்டுக்களுமே.

கமகமின்றிச் சங்கராபரணம் ஏது என வினவி, இவற்றைத் தீட்சிதரின் பெருமைக்கு ஒவ்வாதன என்று ஒதுக்குவாரும் உளர். 'அக்ஷயலிங்க விபோ' என்னும் கீர்த்தனையை அருகே வைத்து நோக்கின் அக்கூற்று நிலைபெறாது. அதுவும் சங்கராபரணமே, ஆயின் அதன் விளம்ப நடையிலும் கமகங்களிலும் கோட்டை வாத்தியத்தின் நிழல்தானும் இல்லை. இரண்டையும் அவர் வேறுவேறாகவே வைத்தார். உண்மையான இழப்பு பிறிதொன்று. பல வாத்தியங்கள் வெவ்வேறு சுரங்களை ஒருங்கே ஒலித்து இயைவிக்கும் முறை இப்பக்கம் வரவில்லை. தனி மெட்டு மட்டுமே வந்தது. வந்து நிலைத்த பெரும்பேறு பிடில்தான். அஃதின்றி இன்று எந்தக் கச்சேரி நடைபெறுகின்றது?

சின்னசுவாமி முதலியார் 1893 இல் வெளியிட்ட நூலில் இச்சாகித்தியங்களுட் பல மேனாட்டுச் சுரக்குறியிலேயே அச்சேறின. மெட்டுக்கள் தாம் புறப்பட்ட எழுத்துக்கே மீண்டன எனலாம். பின்னர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 'இங்கிலீஷ் நோட்' ஒன்றை இயற்றினார். மதுரை மணி ஐயர் அதனைச் சுரமாகவே பாடிப் பரப்பினார். கச்சேரியின் பிற்பகுதியில், பல்லவியும் விருத்தமும் ஓய்ந்தபின், அவையின் கைகள் தாமே தாளமிடத் தொடங்கும் வேளைக்கு உரியது அது.