துருப்பிடித்த அரிக்கேன் விளக்கு

பரண்களில் கிடந்த அரிக்கேன் விளக்குகள் இன்று வண்ணம் பூசப்பட்டு வரவேற்பறைகளை அலங்கரிக்கின்றன. ஆனால், துருவின் மீது வண்ணம் பூசுவது சீரமைப்பு ஆகாது. அது குறையை மறைப்பது மட்டுமே.

அமெரிக்கரான ஜான் இர்வின் 1860-களின் இறுதியில் உருவாக்கிய அமைப்பு இவ்விளக்கு. அதன் இரு பக்கக் குழாய்கள் வெறும் சட்டங்கள் அல்ல. மேற்பகுதியிலிருந்து சுடருக்குக் காற்றைக் கொண்டுவரும் பாதைகள். பலத்த காற்றிலும் சுடர் அணையாதிருக்க அவையே காரணம். அவற்றில் அடைப்போ துளையோ இருந்தால் சுடர் அலைந்து புகை கக்கும்.

எனவே முதலில் எண்ணெய்க் கலத்தில் நீர் நிரப்பிக் கசிவைச் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த இரும்புப் பாகங்களை வினிகரில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்தால் துரு நெகிழும். பின்னர் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். துத்தநாகப் பூச்சு எஞ்சியிருந்தால் வினிகர் அதையும் கரைத்துவிடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

சிறு துளைகளை, எண்ணெய் வாடை முற்றிலும் நீங்கிய பிறகு, பற்றவைத்து அடைக்கலாம். கலமே பரவலாக அரித்திருந்தால் விளக்கை ஏற்றாமல் காட்சிப்பொருளாக வைத்திருப்பதே விவேகம். ஏற்றுவதாயின் மண்ணெண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகித் தீப்பற்றும் பெட்ரோல், விளக்கை வெடிபொருளாக்கிவிடும். பழம்பொருளைப் போற்றுவோர் முதலில் காக்க வேண்டியது அதன் பளபளப்பை அல்ல, வீட்டின் பாதுகாப்பை.