துவண்ட காலுக்கு மலப் பரிசோதனை எதற்கு?

தேனி மாவட்டத்துத் தேவாரம் பக்கம் பிள்ளைக்குத் திடீரென்று கால் துவண்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ‘இளம்பிள்ளை வாதமோ?’ இயற்கையாகப் பரவும் போலியோவின் கடைசி நோயாளி இந்தியாவில் பதிவானது 2011 ஜனவரியில், ஹவுராவில். ஆனாலும் 15 வயதுக்குட்பட்ட யாருக்குக் கை கால் தளர்ந்தாலும் ஆஸ்பத்திரி அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ‘இது போலியோ இல்லை’ என்று டாக்டருக்கே பட்டாலும் விதிவிலக்கில்லை.

போலியோவில் காய்ச்சலோடு கால் விழும். பெரும்பாலும் ஒரு பக்கம். நாலைந்து நாளில் முழு அளவை எட்டிவிடும். கிள்ளினால் பிள்ளை வீறிடும். தொடு உணர்ச்சி போகாது. கில்லன்-பாரே என்ற நரம்பு நோயில் இரண்டு காலும் ஒரே சீராகத் தளர்ந்து, தளர்ச்சி மேலே ஏறும், மதமதப்பு இருக்கும். தண்டுவட அழற்சி என்றால் இடுப்புக்குக் கீழே மரத்து, சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

குழப்புவது ஊசிதான். புட்டத்தில் போட்ட ஊசி நரம்பில் பட்டாலும் ஒரு கால்தான் துவளும், காய்ச்சலும் ஏற்கெனவே இருந்திருக்கும். போலியோ கிருமி உடம்பில் இருக்கும்போது போடும் ஊசியே வாதத்தைத் தூண்டிவிடவும் கூடும். காய்ச்சல் என்றதும் ‘ஒரு ஊசி போட்டுவிடுங்க’ என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட்டபாடில்லை.

மலையடிவாரத்தில் கட்டுவிரியனையும் நினைக்க வேண்டும். தரையில் படுத்த பிள்ளையை ராத்திரியில் கடித்திருக்கும். வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடிந்தால் வயிற்றுவலி, செருகும் இமை, விழுங்க முடியாத எச்சில். இங்கே தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கும். இதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். விஷமுறிவு மருந்துள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். ஏலத்தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து உள்ளே போயிருந்தாலும், ஓரிரு நாள் கழித்துக் கழுத்து நிற்காமல் போவதுண்டு.

அடையாளங்கள் இப்படி ஒன்றோடொன்று கலப்பதால் போலியோ விஷயத்தில் தீர்ப்பு ஆய்வகத்துடையது. கிருமி குடலில் பெருகி, மலத்தில் விட்டுவிட்டு வெளியேறும். அதனால்தான் குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தளர்ச்சி கண்ட 14 நாளுக்குள் எடுப்பது முக்கியம். பிறகு கிருமி சிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். எண்ணெய் தேய்த்து, மந்திரித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தொலைப்பது இந்த நாட்களைத்தான். 2024இல் மேகாலயாவில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வந்தது, சொட்டு மருந்திலிருந்து உருமாறிய போலியோ கிருமி என்று தெரிந்ததும் இப்படி மலத்தைச் சோதித்துத்தான்.

மாதிரி சரியாகக் கிடைக்காவிட்டால் 60 நாள் கழித்துக் காலில் பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். அதற்குள் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிற குடும்பம், எந்த எஸ்டேட் என்று சுகாதார நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.